மறுமொழி: விலங்குக் குரல்களுக்குக் கலைச்சொல் – உறுமலா, முழக்கமா, அழைப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

விலங்குகள் எழுப்பும் ஒலிகளுக்கு ஆங்கிலத்தில் உள்ள ஆய்வுச் சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். ஒலி மரபுப் பட்டியலை அப்படியே கலைச்சொல்லாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். 'அழைப்பு' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்பது இன்னொரு சாரார் கருத்து. எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை.

> யானை பிளிறும், புலி உறுமும், சிங்கம் கர்ஜிக்கும், குதிரை கனைக்கும். இவ்வளவு வளம் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

வளம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் கத்தியது யார் என்பதை வைத்துப் பிரிக்கிறது. விலங்கொலி ஆய்வுக்கு அது போதாது. ஒலி எப்படி எழுந்தது, எதற்காக எழுந்தது என்பதுதான் அங்கே கேள்வி.

புலியையே எடுத்துக்கொள்வோம். பட்டியல்படி அது உறுமும், அவ்வளவுதான். ஆனால் பல்லைக் காட்டித் தொண்டைக்குள் உறுமுவது வேறு, வாயைத் திறந்து காடே கேட்கும்படி எழுப்பும் ஒலி வேறு. அந்த இரண்டாவது ஒலியில் சிங்கம், புலி, சிறுத்தை, ஜாகுவார் நான்கும் ஒரே வகை. அதே பேரினத்தைச் சேர்ந்த பனிச்சிறுத்தைக்கு அது வராது. சிங்கத்துக்கு ஒரு வினை, புலிக்கு ஒரு வினை என்று வைத்துக்கொண்டால், இந்த ஒற்றுமையைத் தமிழில் சொல்லவே வழியில்லை.

அதனால் என் முன்மொழிவு: உறுமல் தொண்டைக்குள் எழும் மிரட்டல் ஒலிக்கு இருக்கட்டும். ஆங்கிலத்தில் 'ரோர்' என்பதற்கு முழக்கம். கர்ஜனை பழகிய சொல்தான், ஆனால் அது சிங்கத்தோடு ஒட்டிக்கொண்டது (மேடைப் பேச்சாளர்கள் அப்புறம் இரவல் வாங்கியது தனிக்கதை). ஐரோப்பியச் சிவப்பு மானின் கடா, இணைசேரும் பருவத்தில் குரல்வளையை மார்பெலும்பு வரை கீழே இழுத்து ஓர் ஒலி எழுப்பும். குரல் தடித்து, உடம்பு பெரிது என்ற எண்ணத்தை உண்டாக்கும். ஆய்வாளர்கள் அதையும் 'ரோர்' என்றுதான் எழுதுகிறார்கள். 'மான் கர்ஜித்தது' என்றால் வாசகர் சிரிப்பார். 'மான் முழங்கியது' என்றால் சிரிக்க மாட்டார். மேகமும் கடலும் முரசும் முழங்குகிற மொழி இது. சிங்கத்துக்கும் இதில் குறைவில்லை, திருப்பாவையில் குகையை விட்டு வரும் சிங்கம் முழங்கித்தான் புறப்படுகிறது.

> மரபை மாற்ற நமக்கு உரிமை உண்டா?

எந்த மரபு என்று கேட்க வேண்டியிருக்கிறது. தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று இளமைப் பெயர்களையும் ஆண் பெண் பெயர்களையும் வரையறுக்கிறது. எந்த விலங்கு எப்படிக் கத்தும் என்ற பட்டியல் அங்கே இல்லை. ஒலிச்சொற்கள் வருவது உரியியலில். அங்கே கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் நான்கும் அரவம், அதாவது ஓசை, என்ற பொருளில் வருகின்றன, எந்த விலங்கோடும் கட்டப்படவில்லை. நன்னூலின் ஓசைப் பட்டியலில் பிளிறு, குரை, கனை மூன்றும் பொதுவான ஓசைச்சொற்களாகவே நிற்கின்றன. குரைகடல் என்றார்கள், கடலில் ஏது நாய்? கனைத்தலும் குதிரைக்கு மட்டும் உரியதல்ல, திருப்பாவையில் கனைப்பது எருமை. ஆக, நாம் கேட்கிற நெகிழ்வு பழைய நெகிழ்வுதான்.

அடுத்து யானை. பிளிறல் என்பது துதிக்கை வழியாகக் காற்றை வேகமாக வெளியேற்றி எழுப்பும் எக்காளம். அதில் சிக்கல் இல்லை. ஆனால் யானைகள் தங்களுக்குள் அதிகம் பயன்படுத்துவது குரல்வளையில் எழும் தாழ்ந்த ஒலியை. 1984இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் உயிரியல் பூங்காவில் யானைகளின் அருகே இருந்த விலங்கொலி ஆய்வாளர் கேட்டி பெய்ன், காதில் விழாத ஓர் அதிர்வைக் காற்றில் உணர்ந்தார். ஒலிப்பதிவு செய்து வேகத்தைக் கூட்டி ஓட்டியபோது யானைகளின் குரல் வெளிப்பட்டது. 20 ஹெர்ட்சுக்குக் கீழே இறங்கும், மனிதக் காதுக்கு எட்டாத குற்றொலி அது. பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் யானைக்கும் எட்டும். இதற்கும் பிளிறல் என்றே எழுதினால் முழுத் தவறு. குமுறல் என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். இடியும் எரிமலையும் குமுறுகின்றன, உள்ளே அடங்கி அதிர்வாக வெளிவரும் ஒலிக்கு அதைவிடப் பொருத்தமான சொல் தெரியவில்லை. மனக்குமுறல் நினைவுக்கு வரும் என்றால் வரட்டும்.

> ஆங்கிலத்தில் 'கால்' (call) = அழைப்பு. 'அலாரம் கால்' = எச்சரிக்கை அழைப்பு.

இதைப் படித்ததும் கடன் தவணை கட்டச் சொல்லி வரும் தொலைபேசிதான் நினைவுக்கு வந்தது. விளையாட்டு இருக்கட்டும், ஆபத்தைக் கண்டு கத்தும் மான் யாரையும் அழைக்கவில்லை. 'விளி' என்று ஒருவர் சொன்னது அழகுதான், ஆனால் விளி வேற்றுமை ஏற்கனவே அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது, விளிதலுக்குச் சாதல் என்ற பொருளும் உண்டு.

நம்மிடம் 'குரல்' இருக்கிறதே! 'ஒரு குரல் கொடு, வந்துவிடுகிறேன்' என்று நாள்தோறும் சொல்கிறோம். வினையும் கூடவே கிடைத்துவிடுகிறது: கடமான் குரல் கொடுத்தது. எச்சரிக்கைக் குரல், தொடர்புக் குரல், அபயக் குரல் என்று அடைமொழி சேர்ப்பதும் எளிது. பறவைகளில் நீண்டு, கோவையாக, பெரும்பாலும் இணைசேரும் பருவத்தில் ஒலிப்பது பாட்டு. சுருக்கமாக ஒலிப்பது குரல். செந்நாய்கள் சிதறிப்போனால் கூட்டம் சேர எழுப்புவது சீழ்க்கைக் குரல். சில்வண்டின் இரைச்சல் மட்டும் இதில் அடங்காது. அது வயிற்றுப் பக்கத்துச் சவ்வை அதிரவைத்து எழுப்புவது, அதனால் ஒலி என்றே இருக்கட்டும்.

குரலிலும் ஓர் இடறல் உண்டு. கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளை ஆராய்ந்து சேஃபார்த், செனி, மார்லர் மூவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு பலருக்கும் தெரிந்திருக்கும். சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு இன்னொன்று. ஒலிபெருக்கியில் வெறும் குரலை மட்டும் ஒலிக்கவிட்டால்கூட, முதலாவதற்கு மரமேறின, இரண்டாவதற்கு மேலே பார்த்தன, மூன்றாவதற்கு நிமிர்ந்து நின்று தரையைப் பார்த்தன. இதைத் தமிழில் 'சிறுத்தைக் குரல்' என்று எழுதினால் சிறுத்தை கத்தியதாகிவிடும். 'சிறுத்தை எச்சரிக்கைக் குரல்' என்றாலும் குழப்பம் தீராது. பெயரெச்சத்தைப் பிடித்தால் தீர்ந்துவிடும்: சிறுத்தை கண்ட குரல், கழுகு கண்ட குரல், பாம்பு கண்ட குரல். பேய் கண்ட பிள்ளை மாதிரி ஒலிக்கிறது என்று யாராவது சொல்லலாம். எனக்கு அதுவே அதன் பலமாகத் தோன்றுகிறது.

மனிதக் கூச்சல்களையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கூச்சல், கூக்குரல், ஓலம், கதறல் எல்லாம் பொதுவழக்கில் இருக்கட்டும். கலைச்சொல்லாக வேண்டியது 'ஸ்க்ரீம்' ஒன்றுதான், அதற்கு அலறல். அலறலில் ஒலியளவு நொடிக்குச் சுமார் 30 முதல் 150 முறை ஏறி இறங்குகிறது, அந்தக் கரகரப்புதான் நம்மைத் துள்ளவைக்கிறது. அபாயமணிகளிலும் அதே கரகரப்பு உண்டு. 'சைரன் அலறியது' என்று நம் நாளிதழ்கள் வெகுகாலமாகச் சரியாகவே எழுதிவருகின்றன.

மிச்சம் இருப்பது பூனையின் 'பர்ர்'. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் தொடர்ந்து ஒலிப்பது, உறுமலில் சேர்க்க முடியாது. குறுகுறுப்பு என்பதுதான் இப்போதைக்குக் கையில் இருக்கிறது. ஆனால் தப்பு செய்தவன் மனசுக்கும் அதே சொல்தான். வேறு சொல் உள்ளவர்கள் எழுதுங்கள்.