அப்பாயி படித்த பள்ளிக்கூடம்: தேடிப் போனவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஒரத்தநாட்டுப் பேத்தி

எங்கள் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, 2009-ல் காலமானார். "நான் மூணாவது வரைக்கும் படிச்சவ" என்று அடிக்கடி சொல்வார். வீட்டில் யாரும் அதைக் காதில் வாங்கிக்கொண்டதில்லை. ஆனால் மளிகை கட்டி வந்த செய்தித்தாளைப் பிரித்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டி அவர் படிப்பதை நானே பார்த்திருக்கிறேன். ரேஷன் கடையில் கைநாட்டு வைக்கவே மாட்டார். பேனாவை வாங்கி, நிதானமாகக் கையெழுத்துப் போடுவார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் அவசரப்பட மாட்டார்.

போன ஆவணியில் அவர் பிறந்த ஊருக்குப் போனேன். ஒரத்தநாட்டிலிருந்து பேருந்தில் இறங்கி வாய்க்கால் கரையோடு கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். இப்போது பள்ளிக்கூடம் நடப்பது காங்கிரீட் கட்டிடத்தில். அதற்குப் பின்னால், புளியமரத்தடியில் பழைய ஓட்டுக் கட்டிடம் இன்னும் நிற்கிறது. பனஞ்சட்டம், சுண்ணாம்புச் சுவர், மரக்கம்பி போட்ட ஜன்னல். திண்ணையின் விளிம்பு பிள்ளைகள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று குழிந்திருக்கிறது. மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு, கம்பியில் கட்டியது கட்டியபடியே தொங்குகிறது. உள்ளே உடைந்த பெஞ்சுகளும் விறகும்தான்.

தலைமையாசிரியை முதலில் தயங்கினார். பதிவேட்டில் மற்ற குடும்பங்களின் சாதி, பிறந்த தேதி எல்லாம் இருக்கிறது, சும்மா எடுத்துக் கொடுக்க முடியாது என்றார். அதில் நியாயம் இருக்கிறது. நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் அவரே பக்கத்தில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினார். இருப்பதிலேயே பழைய சேர்க்கைப் பதிவேடு 1936-ல் தொடங்குகிறது. 2018-ல் கஜா புயல் அடித்தபோது பீரோ இருந்த அறைக்கு மேல் ஓடு பறந்து, எல்லாம் நனைந்துவிட்டதாம். மழை விட்டதும் அந்த அம்மா பதிவேடுகளை வெயிலில் விரித்து, ஒட்டிக்கொண்ட தாள்களைத் தென்னங்குச்சியால் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காய வைத்திருக்கிறார். பக்கங்களின் கீழ்ப்பாதியில் இன்னும் தண்ணீர்க் கறை. மை ஊதாவாகப் பரவி, சில பெயர்களைச் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது.

அப்பாயியின் பெயர் எங்குமே இல்லை. மூன்று முறை பார்த்தோம். கடைசியில் தந்தை பெயர் உள்ள பத்தியில் என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் கிடைத்தது. தொழில்: பயிர். அதற்கு நேரே பிள்ளையின் பெயர் "பிச்சை". பெண். சேர்ந்தது 1938, நீங்கியது 1941, காரணம் "வருவதில்லை".

யார் இந்தப் பிச்சை? எங்கள் வீட்டில் பிச்சை என்றால் அது அப்பாயியின் மாமியார். அவர் வேறு ஊர்க்காரர், வேறு தலைமுறை. அப்பாயிக்கு ஒரு தம்பி மட்டும் என்றுதான் கேள்வி. நாங்கள் யாரும் அறியாத ஒரு அக்காவோ தங்கையோ இருந்து, சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாரா? ஊருக்குத் திரும்பியதிலிருந்து அந்த ஒரு வரி மனதை விட்டுப் போகவே இல்லை. இப்படித் தேடியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருவாரூர்

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரவு வெகுநேரம் விழித்திருந்தேன். 31 ஆண்டு தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்தவன் நான். எத்தனை பிச்சைகளை என் கையால் எழுதியிருக்கிறேன்!

பிச்சை, குப்பன், குப்பம்மாள், மூக்கன் என்ற பெயர்களைப் பதிவேட்டில் பார்த்தால் சட்டென்று கடந்து போகாதீர்கள். அந்த வீட்டில் முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை என்று பெரும்பாலும் அதற்கு அர்த்தம். பிறந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்தால் குப்பன். ஆண் பிள்ளைக்கு மூக்குக் குத்தி விட்டால் மூக்கன். அடுத்த வீட்டுக்காரியின் மடியில் போட்டு, அவள் கையால் பிச்சையாகத் திரும்ப வாங்கினால் பிச்சை. "இது என் பிள்ளை இல்லை, எமனே, உனக்கு இங்கே வேலை இல்லை" என்று சொல்லுகிற ஏற்பாடு அது. இறந்த பிள்ளைகளுக்குப் பதிவேட்டில் இடம் இல்லை. தப்பித்த பிள்ளையின் பெயரில்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. புகுந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பெயர் என்றால் மருமகளின் பெயரை மாற்றிவிடுவது அந்தக் காலத்தில் சகஜம். மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை எப்படி ஏவுவது, எப்படித் திட்டுவது? உங்கள் அப்பாயியின் மாமியார் பெயரும் பிச்சை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாயியின் வயதொத்த பெண்கள் யாராவது பிறந்த ஊரில் இருந்தால் உடனே போய்க் கேளுங்கள். ஆண்களைக் கேட்டுப் பயனில்லை, கட்டிக்கொடுத்த பெண்ணின் பழைய பெயர் அவர்களுக்கு நினைவிருக்காது.

பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்பிவிடாதீர்கள். வலக்கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடக் காதைத் தொடச் சொல்வோம். எட்டினால் ஐந்து வயது முடிந்தது என்று கணக்கு. அதற்கேற்ற ஒரு தேதியை வாத்தியாரே போட்டுவிடுவார். பிள்ளை சேர்ந்த தேதியும் நீங்கிய தேதியும் அப்படி இல்லை, அவை அன்றன்று எழுதியவை. பெரியவர்கள் தமிழ் வருஷப் பெயர் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கீரச என்றால் 1932-33, வெகுதானிய என்றால் 1938-39. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால் குழப்பமும் வராது.

பள்ளியின் பெயரும் மாறிக்கொண்டே வந்திருக்கும். உங்கள் அப்பாயி காலத்தில் அது போர்டு ஸ்கூல், அதாவது ஜில்லா போர்டு நடத்தியது. 1960-களில் பஞ்சாயத்து யூனியன் பள்ளி ஆகி, இப்போது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. சேர்க்கைப் பதிவேடு நிரந்தரமாகப் பாதுகாக்க வேண்டிய ஆவணம். பள்ளியை மூடி வேறு பள்ளியோடு இணைத்திருந்தாலும் அந்தப் பள்ளியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்க வேண்டும். வருகைப் பதிவேட்டைத் தேடி அலையாதீர்கள், அதை அத்தனை காலம் வைத்திருக்க மாட்டார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். 1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஊர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொல்லிக் கலெக்டர்களுக்கு உத்தரவு போட்டார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். மணலில் விரலால் எழுதி, எண்சுவடி என்ற வாய்ப்பாட்டை ஒப்பித்து, வகுப்பை மேய்க்கும் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையிடம் அடி வாங்கிப் படித்த பிள்ளைகள். சாதிவாரியாக எண்ணிக்கை இருக்கிறது, ஒரு பிள்ளையின் பெயரும் இல்லை. உங்களுக்கு ஒரு முழு வரி கிடைத்திருக்கிறது, அம்மா. அதன் மதிப்பு எனக்குத் தெரியும்.

செங்கல்பட்டிலிருந்து

ஐயா பள்ளியின் பெயர் மாறுவதைச் சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் தாத்தாவைத் தேடி நாங்களும் முதலில் போனது ஊருக்குள் இருந்த போர்டு ஸ்கூலுக்குத்தான். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தோம். அவர் பெயர் மட்டுமல்ல, எங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளையின் பெயரும் அந்த வருடங்களில் இல்லை. அந்த இல்லாமையைக் கண்ணால் பார்த்தது எங்களுக்கு என்னவோ செய்தது. அப்பா ஒன்றும் பேசாமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

பிறகு ஒரு பெரியவர்தான் சொன்னார்: "உன் தாத்தன் லேபர் ஸ்கூல்ல படிச்சவன்டா." ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காக அன்றைய தொழிலாளர் துறை தனியாகத் திறந்த பள்ளிகள் அவை. அவற்றுக்கு வாரிசுதான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பள்ளி, நானே படித்த பள்ளி! அங்கே பழைய பதிவேட்டில் தாத்தா இருந்தார். சேரும்போது வயது ஒன்பது. தந்தையின் தொழில்: பண்ணையாள்.

ஒன்பது வயது என்பதைத் தாமதம் என்று நினைத்தேன். அப்பாதான் விளக்கினார். அந்த வயதில் பையன் ஆண்டை வீட்டு மாடு மேய்க்கப் போயிருக்க வேண்டும். அந்தக் கூலியை விட்டுவிட்டுத்தான் கொள்ளுத்தாத்தா அவரைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார். எழுதப்படிக்கத் தெரியாத ஒரு பண்ணையாள் எடுத்த முடிவு அது. அவருக்குப் புகைப்படம் கிடையாது. அந்தப் பக்கத்தின் கடைசிப் பத்தியில் வாத்தியார் மைப்பெட்டியில் அழுத்தி வாங்கிய பெருவிரல் ரேகை இருக்கிறது. எங்களிடம் அவர் உடம்பின் அடையாளமாக இருப்பது அது ஒன்றுதான்.

பேராக், மலேசியா

எங்கள் தேடல் ரப்பர் தோட்டத்தில். இங்கே 1923 தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தியாக வேண்டியிருந்தது. நடத்தியது எப்படி என்பது வேறு கதை. ஒரு கொட்டகை, ஒரே வாத்தியார், அவரும் பல இடங்களில் எழுதப்படிக்கத் தெரிந்த கங்காணியோ (வேலை மேற்பார்வையாளர்) கிராணியோதான் (குமாஸ்தா). பிள்ளைகள் விடியற்காலையில் அப்பா அம்மாவோடு பால் மரத்துக்குப் போய்விட்டு, ரப்பர் பால் பிடிக்கும் மங்கு கழுவிய கையோடு வகுப்புக்கு வருவார்கள் என்று பாட்டி சொல்வார்.

எங்கள் தோட்டம் இப்போது செம்பனைக்காடு. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். பள்ளி டவுனுக்கு இடம் மாறியபோது பழைய பதிவேடுகள் மூன்று பிஸ்கட் டின்களில் போயிருக்கின்றன. அவை எங்கே என்று கேட்டுக் கேட்டு, ஒருவழியாக நூலக அறையின் பரணில் கண்டுபிடித்தோம். போருக்கு முந்தையது எதுவும் மிஞ்சவில்லை. 1946-ல் பள்ளி மறுபடி திறந்தபோது எழுதியது இருந்தது.

அதில் பாதுகாவலர் பத்தியை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தேன். தாயின் பெயர், மாமனின் பெயர், மறுபடி தாயின் பெயர், பாட்டியின் பெயர். தகப்பன் பெயர்கள் எங்கே போயின என்று முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது: சயாம், இன்றைய தாய்லாந்து. ஜப்பான்காரன் காலத்தில் மரண ரயில் பாதை போட எங்கள் தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான், பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை. எங்கள் தாத்தாவின் அப்பாவும் அப்படிப் போனவர்தான். வீட்டில் கதையாகக் கேட்டது வேறு, ஒரு வகுப்பு முழுக்கப் பாதுகாவலர் பத்தியில் பார்ப்பது வேறு. அந்தப் பக்கத்தை அனுமதி வாங்கிப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அடிக்கடி திறந்து பார்க்கும் தைரியம் இல்லை.

ஒரத்தநாட்டுப் பேத்தி

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்னபடியே போய்க் கேட்டேன்.

அப்பாயியின் சித்தப்பா மகள் ஒருவர் அதே ஊரில் இருக்கிறார். தொண்ணூறு வயது. பார்வை மங்கிவிட்டது, ஞாபகம் மங்கவில்லை. "பிச்சைன்னு யாரு பாட்டி?" என்று கேட்டதும் சிரித்தார். "பிச்சை யாரா? ஒன் அப்பாயிதான்டி! அவளத் தவிட்டுக்கு வாங்கினாங்கன்னு எங்கம்மா சொல்லும். அதுக்கு முன்னால மூணு, ஒண்ணுகூடத் தங்கல. நாலாவதா இவ பொறந்ததும், எதுத்த வீட்டுக்காரிகிட்டத் தூக்கிக் குடுத்து, ஒரு மொறம் தவிட்டக் குடுத்துத் திருப்பி வாங்கினாங்க. கட்டிக் குடுத்த எடத்துல மாமியாளும் பிச்சை. இவ பேர மாத்திட்டாங்க. நான் கடைசி வரைக்கும் பிச்சைன்னுதான் கூப்புட்டேன். வேற யாரும் இல்லாத நேரமாப் பாத்து."

கல்யாணத்துக்கு முன்பு அப்பாயிக்கு இருந்த பெயரை அவருடைய சொந்த மகளான என் அத்தைக்கே தெரியாது. போனில் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அம்மா கையெழுத்துப் போடும்போது மொதல்ல ஒரு 'பி' எழுதிட்டு அடிச்சுட்டு எழுதும்டி, தடுமாறுதுன்னு நெனச்சேன்" என்றார்.

"வருவதில்லை" என்றிருந்ததையும் கேட்டேன். 1941-ல் தம்பி பிறந்திருக்கிறான். தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால் படிப்பை நிறுத்திவிட்டார்கள். "நின்னுட்டாளே தவிர, விடல. அவன இடுப்புல வச்சுக்கிட்டுக் கெழக்கு ஜன்னல் பக்கம் வந்து நிப்பா. உள்ள நாங்க வாய்ப்பாடு சொல்லுவோம். வெளியிலேருந்து அவளும் சொல்லுவா. வாத்தியாரு பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருப்பாரு."

அந்த ஜன்னலை எனக்குத் தெரியும். ஆவணியில் போனபோது அதன் வழியாகத்தான் உள்ளே எட்டிப் பார்த்தேன், கதவு பூட்டியிருந்ததால். என் மார்பு உயரம் இருக்கும். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு உள்ளே இருப்பது தெரிந்திருக்காது, குரல் மட்டும்தான் கேட்டிருக்கும்.

பழைய கட்டிடத்தைக் கோடை விடுமுறையில் இடித்துவிடப் போவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை அத்தையைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.