பல்செட்டால் நிக்கோடின் சூயிங்கம் மெல்ல முடியவில்லை, பேட்ச் போட்டால் தோல் தடிக்கிறது

அப்பா பீடியை விட்டுவிட்டார். ஆனால் ஏக்கத்தை அடக்கத் தரும் நிக்கோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிக்கோடின் பேட்ச் இரண்டுமே ஒத்துவராததால், மறுபடி தொட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

வயது 63. ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலை. நாளுக்கு ஒரு கட்டு பீடி. கண் விழித்த ஐந்து நிமிடத்துக்குள் முதல் பீடி. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, இதய நோய் இல்லை. பொங்கல் முடிந்ததும் நிறுத்தினார்.

முதலில் 2 மி.கி. சூயிங்கம். கொஞ்சம் மென்று கன்னத்தில் அடக்கிக்கொள்ளச் சொன்னோம், காபி குடித்து 15 நிமிடம் கழித்தே போட்டார். கம் பல்செட்டில் ஒட்டி, மேல்வரிசையையே கழற்றிக்கொண்டு வருகிறது. அப்புறம் சேலத்தில் டாக்டர் 21 மி.கி. பேட்ச் எழுதினார். ஏக்கம் அடங்கி, மனிதர் சிரித்துப் பேசினார். அதனால்தான் மனசு கேட்கவில்லை. தினமும் இடம் மாற்றி ஒட்டியும், உரித்த இடமெல்லாம் சதுரம் சதுரமாகச் சிவந்து தடித்து அரிக்கிறது. நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இப்போது தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் கோபம், சாரல் விழுந்தால் சட்டைப்பையைத் தடவுகிறார். 1800-11-2356 புகையிலை உதவி எண்ணில் பேசுகிறோம், அந்தப் பேச்சு அவருக்குத் தெம்பு தருகிறது.

அடுத்து லோசெஞ்ச் (வாயில் அடக்கிக் கரைக்கும் நிக்கோடின் மாத்திரை) கேட்கலாம் என்றிருக்கிறோம். விழித்து 30 நிமிடத்துக்குள் புகைப்பவர்களுக்கு 4 மி.கி. என்பது தெரியும். டாக்டரை அடுத்த வாரம்தான் பார்க்கிறோம்.

பல்செட் போட்டவர்கள், இதை எழுதிக்கொடுக்கும் டாக்டர்கள் சொல்லுங்கள்: இவ்வளவு பழகிய ஒருவர், பேட்ச் இல்லாமல் 4 மி.கி. லோசெஞ்ச் மட்டும் வைத்துத் தாக்குப்பிடிக்க முடியுமா?