வேப்பரைசருக்கு மரக் குழல் கடைபவர்களே, துளைக்குள் என்ன பார்த்தீர்கள்?

பட்டறைப் பூனை (ஸ்கார்பரோ):

பேனா கடைந்துகொண்டிருந்தவன் நான். கனடாவில் 2018 அக்டோபர் 17 அன்று கஞ்சா சட்டபூர்வமானதும் என் கராஜுக்கு வருகிற ஆட்களே மாறிவிட்டார்கள். பேனா கேட்பது குறைந்து, "டைனாவேப்புக்கு மரக் குழல் செய்து தருவியா?" என்று கேட்பது கூடிவிட்டது.

தெரியாதவர்களுக்காக: டைனாவேப், அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் செய்கிற சின்ன வேப்பரைசர், அதாவது இலையை எரிக்காமல் சூடாக்கி ஆவி எடுக்கிற கருவி. பேட்டரி கிடையாது. நுனியில் இலைத்தூளை அடைத்து, தொப்பியை மாட்டி, டார்ச் லைட்டரால் சூடு காட்ட வேண்டும். பதம் வந்ததும் தொப்பிக்குள் இருக்கிற ஈருலோகத் தகடு 'டிக்' என்று சத்தம் போடும். உடனே நெருப்பை எடுத்துவிட வேண்டும். இலை கருகாது, ஆவி மட்டும் வரும். ஆறியதும் இன்னொரு 'டிக்'. நுனியையும் தொப்பியையும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் கழற்றி மாற்றலாம். நமக்கு வேலை அங்கேதான். துருப்பிடிக்காத எஃகு கடத்துகிற சூட்டில் மரம் கடத்துவது ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. எவ்வளவு நேரம் பிடித்திருந்தாலும் கை சுடாது.

போன குளிர்காலத்தில் ஒரு பெரியவர் வந்தார். விரல் மூட்டெல்லாம் வாதத்தில் வீங்கியிருந்தது. மெல்லிய எஃகுக் குழல் கையில் நிற்கவில்லை, கனமாக வேண்டும் என்றார். கறுப்பு வால்நட்டில் பெருவிரல் தடிமனுக்கு, மேசையில் வைத்தால் உருண்டு ஓடாமல் இருக்க எட்டுப் பட்டையாகச் செய்து வைத்திருந்தேன். வால்நட்டின் ரேகை நன்றாக விழுந்திருந்தது, அதைத்தான் பார்த்து மெச்சுவார் என்று நின்றேன். அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளைக்குள் பார்த்தார். மெதுவாகச் சுற்றினார். "நேராத்தான் இருக்கு" என்று சொல்லிக் காசை எடுத்தார். பிறகுதான் தெரிந்தது, ஆலையில் உலோகத்தில் நீளமான நேர்த்துளை போடுகிற 'கன் டிரில்' இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவராம்.

அன்றிலிருந்து என்னிடம் வருகிற எந்தக் குழலையும் முதலில் உள்ளேதான் பார்க்கிறேன். படத்துக்கு லைக் வாங்குவது வெளிப்பக்கம். வேலை செய்வது உள்பக்கம். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

மேப்பிள் அக்கா (மார்க்கம்):

பூனைத் தம்பி, அந்த ஐயா சரியான ஆள்.

துளை கோணுறதுக்குக் காரணம் பெரும்பாலும் கை இல்லை, கட்டை. டிரில் பிட் மெத்தென்ற பக்கம் பார்த்து ஓடும். ரேகை வளைஞ்சால் பிட்டும் வளையும். அதனால குழலுக்கு நேர் ரேகைக் கட்டைதான். சுருள் ரேகையையும் பர்லையும் (மரத்தில புடைச்சு வளர்ற முண்டு) டப்பா மூடிக்கு வச்சிருக்கிறன், அங்க எவ்வளவு ஆடினாலும் பரவாயில்லை. கட்டை சுத்த வேணும், பிட் அசையாமல் நிக்க வேணும். கொஞ்சம் போறதும் வெளிய இழுத்துத் தூளைத் தட்டுறதும்தான். தூள் உள்ளே இறுகினால் சூடாகிப் பிட் தன் பாட்டுக்கு இழுபடும்.

முக்கியமானது, துளையை முதல் போடுங்கோ. வெளிய கடையிறது பிறகு. துளையின்ர ரெண்டு வாயிலும் கூம்பு வச்சுப் பிடிச்சுக் கடைஞ்சால், துளை எங்க போயிருந்தாலும் அதுவே மையமாயிடும். அழகாக் கடைஞ்சு முடிச்சிட்டுத் துளைக்கிற ஆக்களும் இருக்கினம். ஒரு பக்கச் சுவர் தடிப்பா, மற்றப் பக்கம் கடதாசி மாதிரி வரும்.

ஒரு அனுபவம் சொல்றன். வீட்டைத் திருத்தேக்க கழட்டின படிக்கட்டுக் கைப்பிடித் துண்டொண்டைக் கொண்டு ஒரு பொடியன் வந்தவன். தாத்தா பிடிச்ச கைப்பிடி, இதிலதான் குழல் வேணுமெண்டு நிண்டான். பார்த்தன், ரெட் ஓக். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையைச் சவர்க்காரத் தண்ணியில வச்சு மற்ற முனையில ஊதச் சொன்னன். துளையே போடாத கட்டை! தண்ணிக்குள்ள குமிழ் குமிழாக் கிளம்பிச்சு. பொடியன் வாயைப் பிளந்தபடி நிண்டான். ரெட் ஓக்கின்ர நுண்குழாய் எல்லாம் திறந்தே கிடக்கும். வைட் ஓக் வைரத்தில அது அடைபட்டிருக்கும், அதாலதான் விஸ்கிப் பீப்பாய்க்கு வைட் ஓக் எடுக்கினம். ரெட் ஓக்கில குழல் செய்தால் இழுக்கிற காத்து மரத்துக்குள்ளாலயும் வரும். கடைசியில அந்தக் கைப்பிடியில கருவி வைக்கிற டப்பா செய்து, தொப்பியைப் பிடிக்க உள்ளே ஒரு காந்தமும் பதிச்சுக் குடுத்தன். குழல் மேப்பிள். அவனுக்கும் சந்தோசம்.

வைரம்பாய்ந்தவன் (கும்பகோணம் பக்கம்):

இங்கே கஞ்சா சட்டவிரோதம், மின்சிகரெட்டுக்கும் 2019-லேயே தடைச் சட்டம் வந்தாச்சு. அதனால் நீங்கள் செய்வதை நான் செய்ததில்லை, செய்யப் போவதுமில்லை. ஆனால் மரம், துளை, மூச்சு என்று மூன்றையும் ஒன்றாகப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பக்கத்து ஊர் நரசிங்கம்பேட்டை. அங்கே செய்கிற நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அங்கே பட்டறையில் ஆச்சா மரம்தான். அதிலும் பழைய வீடுகளை இடிக்கும்போது வருகிற உத்திரம், தூண் என்றால் கொண்டாட்டம். இரண்டு தலைமுறை கூரைக்குக் கீழே கிடந்து ஈரம் முழுக்க வற்றிய கட்டை, இனிமேல் சுருங்காது, கோணாது. பச்சைக் கட்டையில் துளை போட்டால் இன்று வட்டம், காய்ந்ததும் முட்டை வடிவம். உலவு என்கிற நாகஸ்வர மரக்குழலின் துளை மேலே குறுகிக் கீழே விரிய வேண்டும், அந்தச் சரிவு எங்கேயாவது தட்டினால் சுரம் ஒட்டாது. உங்கள் துளை நேர்த்துளை, அந்த வகையில் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ஒரு சந்தேகம். வாசித்து முடித்த உலவுக்குள் எச்சில் ஈரம் நிற்கும், துணி விட்டுத் துடைப்பார்கள். உங்கள் குழலில் ஆவி குளிர்ந்து ஈரமும் பிசினும் ஒட்டுமே, அதை என்ன செய்கிறீர்கள்? உள்ளே எதையாவது பூசுகிறீர்களா?

சுருள்மணி (பிராம்ப்டன்):

உள்ளே எதுவும் பூசக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் யாரோடும் சண்டை போடத் தயார்.

சூடான ஆவி போகிற பாதை அது. நடுவில் கண்டென்சர் என்று மெல்லிய உலோக உட்குழாய் ஒன்று வரும், ஆவியில் பெரும்பகுதி அதற்குள் போய்விடும், பிசினும் அதில்தான் படியும். கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறப் போட்டால் போச்சு. மரத்தை மட்டும் ஆல்கஹாலில் போடாதீர்கள், உலர்ந்த பஞ்சுக் குச்சி விட்டுத் துடைத்தால் போதும். கண்டென்சரைப் பிடித்து நிறுத்துவது ஓ-வளையம் என்கிற சின்ன ரப்பர் வளையம். துளை ஒரு இழை கோணினாலும் வளையம் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் காற்று விடும். வாங்கியவர் கருவியைத் திட்டுவார், குற்றம் துளையில் இருக்கும்.

போன மாதம் ஒருவர் இணையத்தில் வாங்கிய குழல் ஒன்றைக் கொண்டுவந்தார். கண்ணாடியாட்டம் பளபளப்பு. சூடு காட்டினால் மூக்கில் ஏறுகிற ஒரு நெடி. முனையை உரசிப் பார்த்தேன், சூப்பர் க்ளூவை அடுக்கடுக்காகப் பூசி மெருகேற்றியிருக்கிறார்கள். பேனாவுக்கு அது அருமையான பூச்சு, மறுக்கவில்லை. ஆனால் நெருப்புக்கு விரற்கடை தூரத்தில் அதை யார் வைக்கச் சொன்னது? துளை வாயிலும் கொஞ்சம் வழிந்து காய்ந்திருந்தது. உப்புத்தாளால் முழுக்கச் சீவி எடுத்து, தேய்க்கிற எண்ணெயிலேயே முடித்துக் கொடுத்தேன்.

வெளிப்பக்கத்துக்கு என் வழக்கம்: உலோக உலர்த்தி சேர்க்காத சுத்த ஆளிவிதை எண்ணெய், அல்லது டங் எண்ணெய். மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, வாரக்கணக்கில் காயவிட வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஆகாது. தேன்மெழுகு வாசனைக்கு நல்லது, ஆனால் 62–64 டிகிரியிலேயே உருகும், தொப்பிப் பக்கம் பிசுபிசுக்கும். கார்னாபா மெழுகு 82 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதனால் கடைசியில் குழல் லேத்தில் சுற்றும்போதே அதைத் தேய்த்துவிடுவேன்.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காய்வது என்றால் காற்றோடு சேர்ந்து சூடு கக்குவது. கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானே பற்றிக்கொள்ளும். விரித்து வெளியே காயப் போடுங்கள்.

பட்டறைப் பூனை (ஸ்கார்பரோ):

மணி அண்ணா, ரெசின், அதாவது திரவப் பிளாஸ்டிக் ஏற்றிய கட்டை பற்றி என்ன சொல்கிறீர்கள்? வெற்றிடத்தில் ரெசினை உறிஞ்சவைத்து, 90 டிகிரிக்கு மேல் அடுப்பில் இறுக்கியது. கலர் கலராகக் கேட்கிறார்கள்.

சுருள்மணி (பிராம்ப்டன்):

டப்பாவுக்குத் தாராளமாக. கருவியை நிற்க வைக்கிற தாங்கிக்கும் சரி. குழலுக்கு வேண்டாம். சுத்த மரம் சூடு பட்டால் கருகும், அது நமக்குத் தெரிந்த நெடி. பிளாஸ்டிக் சூடுபட்டால் வருவதை வாடிக்கையாளர் நெஞ்சுக்குள் அனுப்ப எனக்கு மனமில்லை. வாய் வைக்கிற முனை குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது என்று வாதாடுகிறவர்கள் உண்டு, நான் கேட்பதில்லை.

கறுப்புக் காப்பி (மொன்றியல்):

கொகோபோலோ பேச்சு இன்னும் வரவில்லையே. ஆரஞ்சும் கறுப்புமாக அந்த மரத்தைப் பார்த்தால் எவனுக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. கடைந்த மறுநாள் முழங்கைக்குக் கீழே சிவந்து தடித்து, கண் இமை வீங்கி, மருத்துவரிடம் போனால் முதல் கேள்வியே "என்ன மரம்?" அவருக்கு ஏற்கனவே தெரிந்திருக்கிறது! அந்த மரத்தின் எண்ணெயில் இருக்கிற குவினோன்கள் ஒவ்வாமையைக் கிளப்பும். முதல் தடவை ஒன்றும் ஆகாதவர்களுக்கும் பழகப் பழக வரும். நம்ம ஊர்த் தேக்குத் தூளுக்கும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு. எந்த மரம் என்றாலும் தூள் தூள்தான், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை 1995-லேயே முதல் பிரிவுப் புற்றுக்காரணியாகப் போட்டுவிட்டது. முகமூடி இல்லாமல் உப்புத்தாளைத் தொடாதீர்கள்.

அப்படியும் ஒரு வாடிக்கையாளர் அதுதான் வேண்டும் என்று எல்லை தாண்டி ஒரு விற்பனையாளரிடம் கட்டை வரவழைத்தார். அனுப்பியவர் காகிதம் எதுவும் வைக்கவில்லை. பொதி சுங்கத்தில் நின்றது, திரும்பி வரவேயில்லை. கொகோபோலோ 2013 முதல் சைட்டஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2017 ஜனவரி 2 முதல் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் பட்டியலுக்குள்ளே, நம்ம தோதகத்தி உட்பட. விற்பனைக்கு எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். இப்போது யார் கேட்டாலும் ஒன்டாரியோ செர்ரியைக் காட்டிவிடுகிறேன். வெயில் பட்டால் நாளாக நாளாகச் சிவக்கும், அது போதும்.

மேப்பிள் அக்கா (மார்க்கம்):

மரம் தெரிவு செய்யிறதுக்கு இன்னொண்டு. அயலில வேலி வெட்டின ஆள் ஒருத்தர் ஒரு கொப்பு தந்தவர், உள்ளே செம்மஞ்சள், பார்க்க அவ்வளவு வடிவு. யூ மரம். அது விஷம், பழத்தின்ர சிவப்புச் சதையைத் தவிர இலை, பட்டை, கட்டை எல்லாம். வாயில வைக்கிற சாமானுக்கு அதைத் தொடவே கூடாது. அரளியும் அப்பிடித்தான். பேர் தெரியாத கட்டை எவ்வளவு வடிவெண்டாலும் விறகுக்குத்தான்.

கும்பகோணம் தம்பி சொன்ன ஈரக் கதை இங்க குளிர்காலத்தில விளங்கும். ஹீற்றர் போட்டால் வீட்டுக்குள்ள காத்து வறண்டு போகும். கோடையில கச்சிதமா இருந்த துளை தையில இறுகிப் போய்க் கண்டென்சர் வராது. சுகர் மேப்பிள் பச்சையில இருந்து முழுக்கக் காயேக்க மரத்தின்ர ஆண்டு வளையத்தோட போற பக்கம் 9.9 விழுக்காடு சுருங்கும், நடுவில இருந்து வெளிய போற ஆரைப் பக்கம் 4.8 தான். ரெண்டும் ரெண்டு மாதிரி இழுத்தால் வட்டம் வட்டமா இருக்குமோ? கறுப்பு வால்நட் 7.8, 5.5. அதால அது கொஞ்சம் அடக்கமான பிள்ளை. நான் கட்டையைத் துளைச்சுப் போட்டு ஒரு குளிர்காலம் அலுமாரியில கிடக்க விட்டிட்டு, பிறகு சரியான அளவுக்கு இன்னொரு முறை துளைச்சு எடுக்கிறன்.

புதுக்கட்டை (எட்மன்டன்):

நான் இப்போதுதான் சின்ன லேத் வாங்கியிருக்கிறேன், கையில் பேனாக் கட்டைகள் மட்டும் இருக்கின்றன. எத்தனை மில்லிமீட்டர் பிட் வாங்குவது? மரத்தை நெருப்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்துவது?

பட்டறைப் பூனை (ஸ்கார்பரோ):

தம்பி, இணையத்தில் போட்டிருக்கிற அளவை நம்பி வாங்காதே. உன் கருவியின் நுனியையும் கண்டென்சரையும் வெர்னியர் வைத்து அளந்துகொள். வளையம் மாட்டியும் அள, மாட்டாமலும் அள. அதே மரத்தின் கழிவுத் துண்டில் துளைத்து நுழைத்துப் பார். விரல் அழுத்தத்தில் உள்ளே போய், தலைகீழாகப் பிடித்தால் விழாமல் நின்றால் அந்தப் பிட்தான் உனக்கு. பிராட் பாயின்ட் பிட் வாங்கு, முனையில் ஆணி இருக்கும், தொடக்கத்தில் வழுக்காது.

நெருப்புப் பக்கம் மரம் நேராக முடியவே கூடாது. உலோக வளையம் ஒன்றைப் பதித்து மரத்தை அதற்குப் பின்னால் நிறுத்து. சூட்டைத் தொப்பி நுனியில் காட்டப் பழகாதவர்கள் சுவாலையைக் கீழே இறக்குவார்கள், முதலில் கருகுவது அந்த விளிம்புதான். முதல் குழலுக்கு வால்நட் எடு, பேனாக் கட்டை நீளமே போதும். முடித்ததும் வெளிப்பக்கப் படம் வேண்டாம், துளைக்குள் டார்ச் அடித்து ஒரு படம் போடு.

மேப்பிள் அக்கா (மார்க்கம்):

வெளிப்பக்கப் படமும் போடுங்கோ தம்பி, பூனை சொல்லுது எண்டு விடாதேங்கோ.