மார்கழி வாடைக்குக் கோழிக்கூட்டைச் சூடாக்க மலிவான வழி எது?

உச்சிப்புளி கிழக்கு
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கோழிக்கூடு இருக்கிறது. நாலு பக்கமும் கம்பி வலை. இருபது நாட்டுக்கோழி அடைகிறது. கார்த்திகை பிறந்ததிலிருந்து விடியற்காலையில் எல்லாம் இறகைச் சிலுப்பிக்கொண்டு ஒடுங்கி நிற்கின்றன. சிலதுக்கு மூக்கில் சளி, முட்டையும் குறைந்துவிட்டது. அடுத்த வாரம் பொரிப்பகத்திலிருந்து 30 குஞ்சு வேறு வருகிறது. இரண்டு 100 வாட் குண்டு பல்பு தொங்கவிடலாமா, கரிச்சட்டி வைக்கலாமா? செலவு கையைக் கடிக்காமல் இருக்க வேண்டும்.

தொண்டிக்கரை
பல்பு போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். குளிர் காலத்தில் தின்ற தீனியெல்லாம் உடம்புச் சூட்டுக்கே போய்விடும், முட்டைக்கு மிஞ்சாது. 100 வாட் பல்பு ராத்திரி 12 மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட்தான். இரண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் இலவசம் இருக்கும்போது என்ன தயக்கம்?

சாயல்குடிப் பனங்காடு
அந்த 100 யூனிட்டை வீட்டு ஃபேனும் ஃபிரிட்ஜும் ஏற்கெனவே தின்றுவிடும், தம்பி. அவர் கேட்பது இரண்டு பல்பு. 60 நாளில் 144 யூனிட் மேலே ஏறும். ஏறுவது மேல் படியில், அங்கே யூனிட் விலையும் கூட.

சரி, காசை விடுங்கள். தேவை இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். நம் ராமநாதபுரம் கரையில் மார்கழி, தை ராத்திரியிலும் 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. வளர்ந்த கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி. 18 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சுகமான வெப்பம். இறகுக்கு நடுவே அடைத்து வைத்திருக்கும் காற்றே அதற்குக் கம்பளி. அந்தக் கம்பளியைக் கெடுப்பவை இரண்டு: வாடைக்காற்று, ஈரம். உச்சிப்புளி பக்கம் நிலம் குறுகல், பாக் விரிகுடாவிலிருந்து வருகிற வாடை நேரே கூட்டுக்குள் புகும். நாலு பக்கமும் வலையாக இருக்கும் கூட்டில் எத்தனை பல்பு போட்டாலும் சூடு நிற்காது, காற்று அடித்துக்கொண்டு போய்விடும்.

வடக்கும் கிழக்கும் பனை ஓலைத் தட்டியோ கிடுகோ கட்டுங்கள். தெற்கும் மேற்கும் திறந்தே இருக்கட்டும். அடைக்கிற பக்கத்திலும் கூரைக்குக் கீழே ஒரு முழம் விட்டுவிடுங்கள்.

தொண்டிக்கரை
அண்ணே, அடைக்கிறது என்றால் முழுதாக அடைக்க வேண்டியதுதானே? ஒரு முழம் விட்டால் அது வழியாகவே குளிர் வரும். நான் நாலு பக்கமும் தார்ப்பாய் இறக்கி, உள்ளே பல்பு போடுகிறேன். உள்ளே போனால் வெதுவெதுப்பாக இருக்கிறது.

மண்டபம் வலையடி
தம்பி, அந்த வெதுவெதுப்பில் மூச்சை இழுத்துப் பாருங்கள். நிமிர்ந்து நின்று இல்லை, தரை மட்டத்துக்குக் குனிந்து. கண் கரித்தால் அது அம்மோனியா. கோழி ராத்திரி முழுக்க அதைத்தான் சுவாசிக்கிறது. சளியும் கொர்கொர் சத்தமும் பாதி அதனால்தான் வருகின்றன. இருபது கோழியின் மூச்சும் எச்சமும் விடுகிற ஈரம் எங்கே போகும்? மேலே ஏறி, ராத்திரி குளிர்ந்துபோன தகரத்தில் பட்டு, விடிகாலையில் சொட்டுச் சொட்டாகக் கோழி முதுகிலேயே விழும். பனங்காட்டு அண்ணன் சொன்ன ஒரு முழம் அந்த ஈரம் வெளியேறத்தான். கோழி அடைகிற கட்டைக்கு மேலே இடைவெளி இருந்தால் காற்று அதன்மேல் படாது. தகரத்துக்கு உள்பக்கம் ஓலை வேய்ந்துவிட்டால் சொட்டுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

உச்சிப்புளி தம்பி, கூட்டில் தரை என்ன போட்டிருக்கிறீர்கள்? தீனி என்ன?

உச்சிப்புளி கிழக்கு
தரையில் கடற்கரை மணல், அக்கா. சீக்கிரம் காயவே மாட்டேன் என்கிறது. தீனிக்குத் தவிடு, சோறு, அப்புறம் கருவாட்டுக் கழிவு நிறைய. இங்கே மலிவாகக் கிடைக்கிறது. எச்சம் கொஞ்ச நாளாகத் தண்ணீராகத்தான் போகிறது.

மண்டபம் வலையடி
அப்படியானால் உங்கள் ஈரம் மழையில் மட்டும் வரவில்லை. உப்புப் போட்ட கருவாடு தின்றால் கோழி தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்கும், எச்சம் தண்ணீராகும், தரை நனையும். உப்பு மிஞ்சினால் கோழியே செத்துப்போகும். உப்பில்லாமல் காய்ந்த மீன் தூள் கொடுங்கள், அதையும் கொஞ்சமாக. கடற்கரை மணலிலும் உப்பு இருக்கிறது, அது காற்றின் ஈரத்தையே இழுத்து வைத்துக்கொள்ளும். அள்ளி வெளியே போட்டுவிட்டு உமியோ கடலைத் தோலோ மூன்று விரற்கடை உயரம் பரப்புங்கள். தினமும் கிளறுங்கள். நனைந்த இடத்தை அள்ளிவிட்டுச் சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். தரை ஈரமாகவே கிடந்தால் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும். அதை எந்தப் பல்பும் நிறுத்தாது.

தொண்டிக்கரை
ஈரம் சரி, ஒப்புக்கொள்கிறேன். முட்டைக்கு என்ன பதில்? பல்பு போட்ட வீட்டில் முட்டை குறையாமல் இருப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

சாயல்குடிப் பனங்காடு
நீங்கள் பார்ப்பது உண்மைதான், ஆனால் அது வெளிச்சத்தின் வேலை. மார்கழியில் நமக்குப் பகல் பதினொன்றரை மணி நேரம்தான். முட்டைக்கோழிக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். அதற்கு 9 வாட் எல்இடி ஒன்று, விடிவதற்கு முன் இரண்டரை மூன்று மணி நேரம் எரிந்தால் போதும், செலவு காசு கணக்கில்தான். ஆனாலும் நாட்டுக்கோழி அடைக்குப் படுப்பதும் இறகு உதிர்ப்பதும் அதனதன் காலத்தில் நடக்கும். அதை வெளிச்சம் போட்டு விரட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. சாயங்காலம் அடைவதற்கு முன் ஒரு கை கம்போ சோளமோ இறையுங்கள். முழுத் தானியம் இரைப்பையில் ராத்திரி முழுக்க அரைபடும், அந்தச் சூடு உள்ளேயிருந்து வரும்.

கீழக்கரை தெற்குத் தெரு
எல்லாரும் பல்பையே பேசுகிறீர்கள். நம் ஜில்லாவில் சீமைக்கருவேலக் கரி இல்லாத ஊர் உண்டா? எங்கள் வாப்பா காலத்திலிருந்து துளை போட்ட மண்பானையில் கரி மூட்டித்தான் குஞ்சு வளர்க்கிறோம். கரண்டு போனாலும் கவலை இல்லை. புயல் மழை நேரத்தில் பல்பை நம்பினால் குஞ்சு மொத்தமும் போகும். 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அப்படிப்பட்ட ராத்திரியில் என்ன செய்வீர்கள்?

மண்டபம் வலையடி
பாய், கரண்டு பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் மழை ராத்திரியில்தான் எல்லாரும் தார்ப்பாயை இழுத்து மூடுவார்கள். மூடிய இடத்தில் கரி கனிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் இல்லை, புகையும் தெரியாது. காலையில் குஞ்சு வரிசையாகக் கிடக்கும், குளிரில் செத்தது என்று நினைத்துக்கொள்வோம். உமித் தரையும் ஓலைத் தட்டியும் இருக்கிற இடத்தில் ஒரு பொறி போதும், வீடும் சேர்ந்து எரியும். பல்பும் அப்படித்தான், ஒயரில் மட்டும் தொங்கவிடக் கூடாது, சங்கிலியிலும் கட்ட வேண்டும்.

கீழக்கரை தெற்குத் தெரு
எங்கள் கொட்டகை மேலே திறப்பு, அதனால் இதுவரை ஒன்றும் ஆகவில்லை. மூடிய கூட்டில் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். கரண்டு இல்லாத ராத்திரிக்கு மாற்று சொல்லுங்கள், அக்கா.

மண்டபம் வலையடி
கரியை வெளியே மூட்டுங்கள், சூட்டை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். செங்கல்லைச் சுட்டுச் சாக்கில் சுற்றி வைக்கலாம். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தாலும் குஞ்சு அதை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். சில மணிக்கு ஒருமுறை எழுந்து மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

குஞ்சுக்குச் சூடு கட்டாயம், அதில் தொண்டித் தம்பியோடு எனக்குச் சண்டையே இல்லை. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைக்கலாம். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்று வைத்தால் 30 குஞ்சுக்கு ஒரே ஒரு 60 வாட் குண்டு பல்பு. எல்இடியில் சூடு வராது, வாங்கிவிடாதீர்கள். சுற்றிலும் தகடோ அட்டையோ வட்டமாக வைத்து, குஞ்சு எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். பல்புக்கு அடியில் அப்பிக்கொண்டால் சூடு போதவில்லை. விலகி ஓரத்தில் வாய் பிளந்து நின்றால் அதிகம். ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கோ காற்று வருகிறது.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அடையில் படுத்திருக்கிற கோழி இருந்தால், குஞ்சு வந்த அன்று ராத்திரி இருட்டில் அதன் இறகுக்கு அடியில் விடுங்கள். பத்துப் பன்னிரண்டு குஞ்சை ஒரு தாய் தாங்கும். காலையில் கொத்துகிறதா என்று மட்டும் பாருங்கள், கொத்தினால் உடனே பிரித்துவிடுங்கள். மிச்சத்தைப் பல்புக்கு விடலாம்.

சாயல்குடிப் பனங்காடு
வெள்ளைக்கழிச்சலைத் தடுக்கக் குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஆர்2பி ஊசி. இதை விட்டுவிட்டுச் சூடு போடுவதில் பயன் இல்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கழுத்தைத் திருகிக்கொண்டால் அது வெள்ளைக்கழிச்சல், குளிர் இல்லை. மாசியை ஒட்டி நடக்கும் அரசுத் தடுப்பூசி முகாமுக்குப் பெரிய கோழிகளைக் கொண்டுபோங்கள். சளி உள்ளதை இப்போதே தனியாகப் பஞ்சாரத்தில் போட்டுவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உச்சிப்புளி கிழக்கு
மணலை இன்றே அள்ளுகிறேன். ஓலைத் தட்டிக்குச் சொல்லிவிட்டேன், வடக்கும் கிழக்கும். ஒரு கோழி அடையில் இருக்கிறது, அதற்குப் பத்துக் குஞ்சு. மற்ற இருபதுக்கும் ஒரு 40 வாட் பல்பு.

தொண்டிக்கரை
குஞ்சுக் கணக்கு சரி. பெரிய கோழிக்குப் பல்பே வேண்டாம் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. அடைமழையில் தொப்பலாக நனைந்து வந்த கோழியை அப்படியே கூட்டில் விடுவதா?

சாயல்குடிப் பனங்காடு
அதை விடக் கூடாது, தம்பி. துணியால் ஒற்றி, சாக்கு விரித்த பெட்டியில் பல்புக்குப் பக்கத்தில் வைத்து, இறகு காய்ந்ததும் கட்டைக்கு அனுப்புங்கள். அந்த ஒரு கோழிக்கு, அந்த ஒரு ராத்திரிக்கு.