புதுப்பிப்பு: எங்கள் வீட்டு போர் தண்ணீர்

போன மாதம் இங்கே எழுதியிருந்தேன்: தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டு போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம், ஃபுளோரைடு (நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் உப்பு, அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும்) பயம் தேவையில்லை என்று. நிறையப் பேர் மறுத்தார்கள். முகம் தெரியாதவர்கள் சொல்லி நான் ஏன் மாற வேண்டும் என்றும் கேட்டிருந்தேன்.

மாறிவிட்டேன். கூட்டமாகச் சொன்னதால் இல்லை. ஒருவர் மட்டும் பொறுமையாகக் காரணம் எழுதினார்: கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, ஆவியாவது தண்ணீர்தான், மிச்சத்தில் ஃபுளோரைடின் அடர்த்தி கூடும். முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் ஒருநாள் ரசம் வற்றி உப்புக் கரித்தபோது அவர் சொன்னது புரிந்தது. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். லிட்டருக்கு 2.3 மில்லிகிராம். இந்தியத் தர அளவு 1. வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை.

இப்போது குடிக்க, சமைக்க ஒகேனக்கல் தண்ணீர்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களின் ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கவென்றே 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த கூட்டுக் குடிநீர்த் திட்டம் அது. போர் தண்ணீர் துணி துவைக்க மட்டும்.

ஒன்றில் நான் மாறவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் பல் கறைக்கு, ஒழுங்காகப் பல் துலக்காததே காரணம் என்று சிலர் எழுதினீர்கள். பல் உருவாகும் வயதிலேயே ஃபுளோரைடால் எனாமலில் பதிகிற கறை அது, தேய்த்தால் போகாது. என் அக்கா மகள் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள். தயவுசெய்து இந்தப் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லாதீர்கள்.