ககுயா-சாமா: ஒரு வார்த்தையில் முடிய வேண்டிய கதைக்கு மூன்று சீசனா?

மொட்டைமாடி: எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்களே என்று 'ககுயா-சாமா' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் முதல் சீசன் (2019, 12 எபிசோட்) பார்த்து முடித்தேன். ஷூச்சின் என்று ஒரு பணக்காரப் பள்ளி. மாணவர் மன்றத் தலைவன் ஷிரோகானே, துணைத்தலைவி ககுயா. இருவருக்கும் காதல், ஆனால் முதலில் வாயைத் திறப்பவர் தோற்றவர் என்று நினைத்து எதிராளியைச் சொல்ல வைக்கச் சதி மேல் சதி. சினிமா டிக்கெட், மதியச் சாப்பாடு, குடை என்று ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப. பள்ளியிலேயே முதல் இரண்டு இடம் எடுப்பவர்களாம், ஒரு வார்த்தை பேசத் தெரியாதா? இதில் அப்படி என்ன இருக்கிறது? மன்றச் செயலாளராக வரும் பெண்ணைச் சொல்லி 'ஃபுஜிவாரா க்யூட்' என்ற பதில் மட்டும் வேண்டாம்.

வெண்பொங்கல்: ஃபுஜிவாரா க்யூட்.

தூங்காநகரத்தான்: சாப்பாட்டு எபிசோடை நீங்களே சொன்னதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். ககுயாவுக்கு வீட்டுச் சமையல்காரர்கள் செய்து அனுப்பும் விருந்து. ஷிரோகானே கொண்டுவருவது அவனே காலையில் கட்டிய டப்பா, அதில் ஆக்டோபஸ் மாதிரி வெட்டிய சாசேஜ். அவளுக்கு அதில் ஒரு வாய் வேண்டும், கேட்க முடியவில்லை, முறைக்கிறாள். அவனோ தன் ஏழைச் சாப்பாட்டை அவள் ஏளனமாகப் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொள்கிறான். இது வெறும் திமிர் விளையாட்டு இல்லை ப்ரோ. அவன் வெளியிலிருந்து பரீட்சை எழுதி வந்தவன், பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துப் படித்துத்தான் அந்த முதலிடத்தில் நிற்கிறான். இவள் ஜப்பானின் பெரிய தொழில் குடும்பங்களில் ஒன்றின் பெண். அவன் முதலில் சொன்னால் பெரிய இடத்துப் பெண்ணிடம் கையேந்தியது போல ஆகிவிடும் என்று பயப்படுகிறான். அவளுக்கோ பிறந்ததிலிருந்து யாரையும் நம்பாதே என்றுதான் பாடம். ஒரு வார்த்தைதானே என்று நமக்குச் சொல்ல எளிது.

மொட்டைமாடி: நீங்கள் சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திரையில் அதை உணர விடுகிறார்களா? ஒரு ஆள் பின்னணியில் உட்கார்ந்து ஒவ்வொரு பார்வைக்கும் கோனார் உரை போடுகிறார். அவள் இப்படி நினைத்தாள், அவன் அப்படித் திட்டமிட்டான், இன்றைய போட்டியில் இவர் தோல்வி. ஜோக்கை விளக்கினால் அது ஜோக்கா?

ரயிலடி: விளக்குவதற்காக அந்தக் குரலை வைக்கவில்லை. அவோயாமா யுதாகா அதைப் பேசுவதைக் கவனியுங்கள், ஏதோ போர் பற்றிய ஆவணப்படத்துக்குக் குரல் கொடுப்பதுபோல இறுக்கமாகப் பேசுகிறார், திரையில் நடப்பதோ ஒரு சாசேஜுக்கான சண்டை. அந்த இடைவெளியில்தான் சிரிப்பு. இயக்குநர் ஹதாகேயாமா இதற்கு முன் ராகுகோ கலைஞர்களைப் பற்றிய தொடர் எடுத்தவர். ராகுகோ என்றால் ஒரே ஆள் மேடையில் மண்டியிட்டு உட்கார்ந்தபடி எல்லாப் பாத்திரமும் தானே பேசிக் கதை சொல்லும் கலை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும் என்ற கணக்கு அவருக்கு அத்துப்படி. கதை நடக்கும் மன்ற அறை ஒன்றுதான், ஆனால் ஒளியும் கேமராவும் எபிசோடுக்கு எபிசோட் மாறிக்கொண்டே இருக்கும். அப்புறம், பள்ளிக்கூடக் காதல் கதையின் தொடக்கப் பாட்டை அறுபதைத் தாண்டிய சுசுகி மசாயுகியைப் பாட வைத்த தைரியத்துக்கே நான் ஒரு சீசன் பார்ப்பேன்.

நண்டுக்குழம்பு: மொட்டைமாடி பக்கம் நான். இரண்டாம் சீசனில் மன்றப் பொருளாளர் இஷிகாமியின் பழைய கதை வரும் இடம் அருமை, மறுக்கவில்லை. ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய்ப் பள்ளி முழுக்கக் கெட்ட பெயர் வாங்கிய பையன், அவள் நிம்மதி கெடக்கூடாது என்று உண்மையைச் சொல்லாமலே இருக்கிறான். ஆனால் அது வேறு ஏதோ தொடரிலிருந்து வந்த மாதிரி இருக்கிறது. உங்களுக்கே மெயின் ஜோடி போரடித்து, ஓரத்தில் இருக்கிறவனை அல்லவா எல்லோரும் கொண்டாடுகிறீர்கள்?

தூங்காநகரத்தான்: எனக்குப் போரடிக்கவில்லை. முதல் சீசன் கடைசி எபிசோடில், வாணவேடிக்கை பார்க்கப் போகக் கூடாது என்று வீட்டில் தடுக்கப்பட்ட ககுயா தப்பித்து ஓடி வருகிறாள், அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஷிரோகானே அவளைக் கண்டுபிடித்து, எல்லோரையும் டாக்சியில் ஏற்றி, டோக்கியோ வளைகுடாவைத் தாண்டி சிபா மாநிலத்தின் பக்கம் நடக்கும் வேறொரு வாணவேடிக்கைக்கு விரட்டிக்கொண்டு போகிறான். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அவள் வானத்தைப் பார்க்கவே இல்லை, அவன் முகத்தைத்தான் பார்க்கிறாள். பதினொரு எபிசோட் அற்பச் சண்டை போட்டதால்தான் அந்தக் காட்சி அடிக்கிறது. முதல் எபிசோடிலேயே சொல்லியிருந்தால் அது வெறும் டாக்சிப் பயணம்.

மொட்டைமாடி: அந்த எபிசோட் பிடித்தது, மறைக்கவில்லை. அதற்கு அடுத்த காட்சியிலேயே அவன் தன் வீர வசனங்களை நினைத்து வெட்கப்படுகிறான், இவள் முகம் பார்க்க முடியாமல் ஓடுகிறாள், பழையபடி முதல் கட்டம். அதுதான் என் எரிச்சலே. இதன் மூலமான மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) பத்திரிகையில் வாரா வாரம் ஓட வேண்டும், அதனால் கதை நகரக்கூடாது. காரணம் வியாபாரம், அதற்குப் பெருமை, வர்க்கம் என்று நீங்கள் பூ வைக்கிறீர்கள்.

ரயிலடி: (கதை தெரியக்கூடாது என்பவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள்.) வியாபாரம்தான் காரணம் என்றால் முத்தத்தைக் கடைசி அத்தியாயத்துக்கு வைத்திருப்பார்கள். 2022இல் வந்த மூன்றாம் சீசனின் முடிவில் கலாச்சார விழா இரவில் வரும் அந்த முத்தம், மாங்காவில் ஏறக்குறையப் பாதியிலேயே நடந்துவிடுகிறது. மீதிப் பாதி அதற்குப் பிறகு என்ன என்பதுதான்.

நண்டுக்குழம்பு: பாதி வரை யார் பொறுமையாக இருப்பது? 'ஹோரிமியா' என்ற இன்னொரு பள்ளிக் காதல் அனிமேயில் நான்கைந்து எபிசோடுக்குள் ஜோடி சேர்ந்துவிடும், மீதியெல்லாம் சேர்ந்து சுற்றுவதுதான். எனக்கு அதுதான் நிஜமான பள்ளிக் காதல்.

மொட்டைமாடி: அதைத்தான் இந்த வாரம் ஆரம்பிக்கிறேன்.

வெண்பொங்கல்: போங்கள், போங்கள். 16 தொகுதி மாங்காவை 2021இல் 13 எபிசோடுக்குள் அமுக்கி, விட்டதையெல்லாம் 2023இல் இன்னொரு தொடராக எடுத்தார்கள். கொஞ்சம் இழுத்திருக்கலாமே என்று நீங்களே இங்கே வந்து எழுதுவீர்கள்.

மொட்டைமாடி: எழுத மாட்டேன்.