சிப்பிப்பாறைக் குட்டிக்கு முடி கொட்டுகிறது, ஆனால் அரிப்பே இல்லை. இது சொறிதானா?

கருமாத்தூர்க்காரன்

வணக்கம். எங்கள் வீட்டில் ஏழு மாதச் சிப்பிப்பாறைக் குட்டி இருக்கிறது, பெண். இரண்டு மாதத்துக்கு முன்னால் இடது கண்ணைச் சுற்றி முடி உதிர ஆரம்பித்தது. இப்போது வாயோரமும் முன்னங்கால்கள் இரண்டும் வழுக்கை. தோல் கருத்துச் சொரசொரவென்று இருக்கிறது. ஆனால் சொறிவதே இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறது, தோட்டத்தில் அணிலை விரட்டுகிறது.

வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பத்து நாள் போட்டேன், பலன் இல்லை. மெடிக்கலில் கேட்டேன், மனிதர்களுக்கான படர்தாமரை க்ரீம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதைப் போட்ட பிறகுதான் வேகமாகப் பரவியது. பெரியப்பா டிராக்டரில் வடித்த கழிவு ஆயிலைப் பூசச் சொல்கிறார்.

அக்கா மகளுக்கு நாலு வயது. அவள் கையில் வட்டமாக ஒரு தடிப்பு வந்திருக்கிறது. நாயிடமிருந்துதான் ஒட்டியது என்று அம்மா குட்டியைத் தொழுவத்தில் கட்டிவிட்டார். ராத்திரி முழுக்க ஊளையிடுகிறது, கேட்கவே முடியவில்லை. இது பிள்ளைகளுக்கு ஒட்டுமா? வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது, அதற்கு ஒன்றும் இல்லை.

திருப்பாலை அக்கா

தம்பி, முதலில் கழிவு ஆயிலை மட்டும் வேண்டவே வேண்டாம். நாய் அதை நக்கும். தோலும் வெந்துபோகும். எங்கள் தெருவில் அப்படிப் பூசிய ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன், அந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை. க்ரீமையும் இன்றே நிறுத்து. அந்த மாதிரி க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சிலவகைச் சொறிக்கு அது தீனி போட்ட மாதிரி.

பன்னிரண்டு வருஷமாகத் தெரு நாய்களுக்குச் சோறு வைக்கிறேன். சொறி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு பூச்சிகள். சார்கோப்டிஸ் என்பது அரித்தே கொல்லும், நாய் தூங்காது. காது ஓரம், முழங்கை, வயிறு என்று பிடிக்கும். காது மடலின் ஓரத்தைத் தேய்த்தால் பின்னங்கால் தானாகச் சொறிய வரும். அது மனிதர்களுக்கும் வரும், கையிலும் வயிற்றிலும் அரிக்கும். டெமோடெக்ஸ் அப்படியில்லை. தாயிடம் பால் குடிக்கும் முதல் நாட்களிலேயே அநேகமாக எல்லாக் குட்டிக்கும் வந்துவிடும், முடிக்கால்களுக்குள் சும்மா இருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்த குட்டியில்தான் பெருகும். கண், வாய், முன்னங்கால், அரிப்பில்லாத வழுக்கை என்று நீ சொல்வதெல்லாம் அதைப் போலத்தான் தெரிகிறது. அதுதான் என்றால் பிள்ளைக்கு ஒட்டாது.

ஆனால் என் பேச்சை வைத்து மருந்து வாங்காதே. தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் எந்த ஊசியும் போட விடாதே. மாட்டாஸ்பத்திரியில் ‘ஸ்கிராப்பிங் எடுங்கள்’ என்று நீயே வாய்விட்டுக் கேள். போவதற்கு முன் இரண்டு மூன்று நாள் குளிப்பாட்டவும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். பிள்ளை கையில் இருப்பது வட்டத் தடிப்பு என்றால் படர்தாமரையாக இருக்கலாம், எனக்குப் பூனை மேல்தான் சந்தேகம். அதையும் கூடவே தூக்கிக்கொண்டு போ.

மேலூர் ஆட்டுக்காரர்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் ஊரில் ஆட்டுக்கு வாங்கி வைத்த ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தையே நாய்க்கும் கண் அளவில் போட்டுவிடுகிறார்கள். அளவு கூடினால் தள்ளாட்டம், வலிப்பு, சில நேரம் உயிரே போகும். கோலி வகை நாய்களுக்குச் சின்ன அளவே ஆபத்து. எடை போட்டுப் பார்த்து டாக்டர் கொடுத்தால் மட்டும் போடுங்கள்.

கருமாத்தூர்க்காரன்

அக்கா, நேற்று இரண்டையும் கொண்டு போனேன். பூனையைச் சாக்குக்குள் போட்டுப் பைக்கில் கொண்டுபோனதில் என் கையெல்லாம் கீறல்.

டாக்டர் குட்டியின் காலில் தோலை விரலால் பிதுக்கி, லேசாக ரத்தம் கசியும்வரை பிளேடால் சுரண்டினார். அதைக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு எண்ணெயில் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். கேரட்டுக்கு மேல்பாதியில் குட்டைக் கால்கள் முளைத்த மாதிரி, ஒன்றிரண்டு இல்லை, கூட்டமாக. டெமோடெக்ஸ்தான். அதைப் பார்த்ததும் க்ரீம் தடவிய என் விரல்களை நினைத்து வருத்தமாகிவிட்டது.

ஃப்ளூரலானர் மாத்திரை கொடுத்தார், ஒன்று பன்னிரண்டு வாரம் வேலை செய்யுமாம். முடி முளைத்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது, மாதம் ஒருமுறை சுரண்டிப் பார்த்து, அடுத்தடுத்து இரண்டு முறை பூச்சியே இல்லை என்று வர வேண்டும் என்றார். உடம்பெங்கும் பரவிய நாயிடம் குட்டி எடுக்க வேண்டாம், கருத்தடை செய்துவிடுங்கள் என்றும் சொன்னார். நல்ல வம்சம் என்று குட்டி கேட்டு ஏற்கெனவே இரண்டு பேர் சொல்லி வைத்திருந்தார்கள். இல்லை என்று சொல்லிவிடுவேன்.

நீங்கள் சொன்னது போலவே பூனைதான் அக்கா. அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைக் காட்டியதும் காதுக்குப் பின்னால் சில முடிகள் ஆப்பிள் பச்சையாக ஒளிர்ந்தன. வெளிச்சத்தில் பார்த்தால் அங்கே ஒரு சின்னப் பொடுகுத் திட்டு, அவ்வளவுதான். படர்தாமரைப் பூஞ்சைதானா என்று வளர்த்துப் பார்க்க முடியை அனுப்பியிருக்கிறார், முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதுவரை பூனைக்கு ஒரு வாரம் மருந்து, ஒரு வாரம் இடைவெளி. உதிர்ந்த முடியில் அந்தப் பூஞ்சை ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்குமாம், அதனால் பூனையைத் தனி அறையில் வைத்து, போர்வை எல்லாவற்றையும் துவைக்கிறோம். பிள்ளையைத் தோல் டாக்டரிடம் அக்கா கூட்டிப் போயிருக்கிறாள்.

அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, தொழுவத்துக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தார். குட்டி இப்போது திண்ணையில் அவர் காலடியில் படுத்திருக்கிறது.

இன்னும் ஒரு கேள்வி. நாய்க்கு வாங்கிய உண்ணிப் பவுடர் பாதி டப்பா மிச்சம் இருக்கிறது. பூனைக்கும் தூவலாமா?

திருப்பாலை அக்கா

தூவாதே தம்பி. டப்பாவில் பெர்மெத்ரின் என்று எழுதியிருக்கிறதா பார். நாய்க்கு ஒத்துக்கொள்ளும் அது பூனைக்கு விஷம், உடம்பு நடுங்கி வலிப்பு வந்துவிடும். வேறு பெயர் இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம், பூனை உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும். டப்பாவைப் பூனை போகாத இடத்தில் வை. அடுத்த மாதம் சுரண்டிப் பார்த்ததும் என்ன வந்தது என்று இங்கே எழுது.